லடாக் பயணத்துக்கு லோன் வேண்டாம், முதலில் பாலிசித் தாளை எடுங்கள்

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். எனக்கு வயது 31, கணவருக்கு 34. இருவர் சம்பளமும் சேர்த்துக் கையில் வருவது 1,15,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 28,000, எஸ்.ஐ.பி. 15,000, வீட்டுச் செலவு 40,000. எஃப்.டி.யில் 3 லட்சம், சேமிப்புக் கணக்கில் 1.6 லட்சம் இருக்கிறது. தீபாவளி போனஸ் இருவருக்குமாக 60,000 வரும். அடுத்த ஏப்ரலில் வியட்நாம் போய் ஹா ஜியாங் மலைப்பாதையில் வாடகை பைக் ஓட்டவும், ஜூனில் கணவரின் பைக்கில் மணாலி வழியாக லடாக் போகவும் ஆசை. வியட்நாமுக்கு 2 லட்சம், லடாக்குக்கு 1.5 லட்சம் என்று கணக்கு. 13 சதவீதத்தில் 3 லட்சம் பர்சனல் லோன் தர வங்கி தயார். வாங்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா? லடாக்கில் மாறி மாறி ஓட்டுவோம். நான் தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், லைசன்ஸ் இருக்கிறது.

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் லோனும் வேண்டாம், எஃப்.டி.யையும் தொட வேண்டாம்.

அந்த லோனை மூன்று வருடத்தில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை 10,100 ரூபாய் அளவில் வரும், வட்டி மட்டும் கிட்டத்தட்ட 64,000. அதாவது லடாக் செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தொகையைச் சும்மா வங்கிக்குக் கொடுக்கிறீர்கள். எஃப்.டி. விஷயம் வேறு. வீட்டுக் கடன் தவணையும் வீட்டுச் செலவும் சேர்ந்து மாதம் 68,000 ஆகிறது, ஆறு மாதத்துக்கு 4 லட்சத்தைத் தாண்டும், எனவே எஃப்.டி. 3 லட்சமும் சேமிப்புக் கணக்கில் 1.1 லட்சமும் அவசரத்துக்கென்று அப்படியே கிடக்கட்டும். பயணத்துக்குச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கக்கூடியது மீதி 50,000தான். மாதம் உங்களுக்கு 32,000 மிஞ்சுகிறது, அதில் 25,000ஐ இந்த செப்டம்பரிலிருந்தே ஆர்.டி.யில் போடுங்கள். மார்ச் முடிவில் 1.75 லட்சம், போனஸ் 60,000, அந்த 50,000, ஆக 2.85 லட்சம் கையில் இருக்கும். வியட்நாம் போய் வந்த பிறகு 85,000 மிச்சம், ஏப்ரல், மே மாதங்களில் இன்னும் 50,000 சேரும். லடாக்குக்கு 15,000தான் துண்டு விழுகிறது. ஹனோயில் தங்கும் நாட்களைக் குறைத்தால் சரியாகிவிடும். எஸ்.ஐ.பி.யை நிறுத்தவே வேண்டியதில்லை.

எனக்குக் கவலை இந்த மூன்றரை லட்சம் இல்லை. வழியில் ஒரு விபத்து நடந்தால் யார் பணம் கொடுப்பார்கள் என்பதுதான். பைக் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து மேசையில் விரித்து வையுங்கள். பெர்சனல் ஆக்சிடென்ட் என்ற வரியில் ஓனர்-டிரைவருக்கு 15 லட்சம் என்று இருக்கும். அது வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும், அதாவது உங்கள் கணவருக்கு. பின்னால் உட்காரும் உங்களுக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை, நீங்கள் ஓட்டினாலும் இல்லை. பலர் பல வருடம் பிரீமியம் கட்டியும் இந்த வரியைப் படித்ததே இல்லை. பின்னால் அமர்பவருக்கான கூடுதல் கவரைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதோடு இருவர் பெயரிலும் தனியாகத் தனிநபர் விபத்து பாலிசி எடுத்துவிடுங்கள். பாலிசி வெறும் தேர்டு பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும்) என்றால் பாறையில் விழுந்து நொறுங்கிய முன்சக்கர ஃபோர்க்குக்கும் நீங்கள்தான் செலவழிக்க வேண்டும். வீட்டுக் கடனை அடைக்கும் அளவுக்கு டெர்ம் பாலிசி, அதாவது ஆயுள் காப்பீடு, இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் அதை எடுங்கள்.

வியட்நாமில் இன்னொரு சிக்கல். நம் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுக்கப்படுவது, வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி கொடுத்ததை. வாடகைக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார், ஆனால் விழுந்தால் டிராவல் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியே செல்லுபடியாகும் லைசன்ஸ் இருந்ததா என்பதுதான். அதனால் ஹா ஜியாங்கில் உள்ளூர் ஓட்டுநர் ஓட்ட நீங்கள் பின்னால் உட்கார்ந்து போகும் ஈசி ரைடர் ஏற்பாட்டை எடுங்கள். செலவு கூடும்தான், ஆனால் மா பி லெங் கணவாயில் பள்ளத்தாக்கை நிம்மதியாகப் பார்க்கலாம். பாலிசி வாங்கும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவதற்கும் கவர் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாமே ஓட்டினால்தான் திருப்தி என்றால் நம் உரிமம் செல்லும் தாய்லாந்தில் மே ஹாங் சோன் சுற்று இருக்கிறது, ஆனால் ஏப்ரலில் அங்கே வயல் எரிக்கும் புகை மண்டியிருக்கும், நவம்பருக்கு மேல் போனால்தான் அழகு. அப்புறம், கார்டு தேய்க்கும்போது மெஷின் ரூபாயா, வியட்நாம் பணமான டாங்கா என்று கேட்டால் டாங் என்று அழுத்துங்கள். சாதாரண கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி பிடிக்கும் 3.5 சதவீத மார்க்கப்பும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் போனால் ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய் கழிந்துவிடும், முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றும் ஃபாரெக்ஸ் கார்டு விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

லடாக்கில் பெட்ரோல் பெரிய செலவே இல்லை, வழியில் வீணாகும் நாட்கள்தான் செலவு. மணாலியிலிருந்து ஏறினால் ஒன்றிரண்டு நாளிலேயே 4,000 மீட்டரைத் தாண்டி சார்ச்சுவில் படுக்க வேண்டும், தலைவலியும் வாந்தியும் வந்து திரும்பியவர்கள் உண்டு. ஸ்ரீநகர், கார்கில் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குங்கள், உடம்பு பழகும். பனியோ மண்சரிவோ வழியை மறித்தால் என்று மூன்று நாள் தங்கும் செலவைத் தனியே ஒதுக்குங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் யு.பி.ஐ. ஏது, 20,000 ரொக்கம் இருவரிடமும் பிரித்து வைத்திருங்கள்.

கடைசியாக உங்கள் லைசன்ஸ். ஸ்கூட்டர் ஓட்டுகிறேன் என்கிறீர்கள், லைசன்ஸில் கியர் இல்லாத வண்டி என்று மட்டும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்படியென்றால் கணவரின் பைக்கை நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் க்ளெய்ம் மறுக்கப்படக் காரணமாகிவிடும். செப்டம்பரில் எல்.எல்.ஆர். போட்டால் 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். தீபாவளி நேரத்தில் கியர் வண்டி லைசன்ஸ் கையில் இருக்கும், ஜூனுக்குள் நீலகிரி, வால்பாறை என்று ஏறி இறங்கிப் பழக உங்களுக்கு ஏழு மாதம் கிடைக்கும்.