சினிமாவில் ஆண் பெண் வேடம் போட்டால் அது திருநங்கை பாத்திரமா?

தென்னாப்பிரிக்காவில் நம் தமிழர்கள் வாழும் டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் குடும்பமாகப் படம் பார்க்கும்போது அடிக்கடி எழும் கேள்வி. இல்லை, இரண்டும் வேறு.

பால்மாற்று வேடம் என்பது கதைக்காக ஆண் பெண்ணாகவோ, பெண் ஆணாகவோ உடுத்துவது. 'அவ்வை சண்முகி'யில் (1996) மகளின் அருகில் இருப்பதற்காகப் பாண்டியனாக வரும் கமல் மாமி ஆகிறார். மடிசாரை அவிழ்த்தால் பழைய பாண்டியன்தான். 'சூப்பர் டீலக்ஸ்' (2019) படத்தின் திருநங்கை ஷில்பா அப்படி இல்லை. சேலையைக் களைந்தாலும் அவள் ஷில்பாதான். அவளுக்கு அது வேஷமே இல்லை. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வேட்டி கட்டி வரும் சுலு நண்பர் தமிழராகிவிடுவதில்லை, ஜீன்ஸ் போட்ட மாமா தமிழர் இல்லை என்றும் ஆகிவிடாது. அதுபோலத்தான்.

சரி, ஏன் இந்த வேடம்? தொடக்கத்தில் காரணம் வெறும் தட்டுப்பாடு. 1913-இல் இயக்குநர் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது நடிக்கப் பெண்கள் முன்வரவில்லை. உணவகத்தில் வேலை பார்த்த சாலுங்கே என்ற இளைஞர் அரிச்சந்திரனின் மனைவி தாராமதி ஆனார். 1917-இல் 'லங்கா தகனம்' படத்தில் ராமரும் அவரே, சீதையும் அவரே! நடிகைகள் வந்தபின் வேடம் பெரும்பாலும் சிரிப்புக்கென்று ஆனது. நடையையும் குரலையும் கேலி செய்தே கைத்தட்டல் வாங்கும் படங்கள் ஏராளம். எனக்கு அவை அலுப்புதான்.

அப்புறம், இது மேல்நாட்டிலிருந்து வந்த மோகம் என்பார்கள். ஆனால், கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் டர்பன் உள்ள நேட்டால் பகுதியில் ஆடிய தெருக்கூத்திலேயே திரௌபதிக்குச் சேலை கட்டியது ஆண்கள்தான்.