ஓவியரைக் கேளுங்கள்: ஈரம் காயும் வரை

எவ்வளவு கவனமாகப் போட்டாலும் என் நீர்வண்ணப் படம் கலங்கிச் சேறாகிவிடுகிறது. விலை உயர்ந்த வண்ணம்தான் வாங்கினேன். தவறு எங்கே? – வாசகி, தஞ்சாவூர்

வண்ணத்தில் தவறு இருக்காது அம்மா. பெரும்பாலும் அவசரம்தான் காரணம். முதல் வாஷ், அதாவது தண்ணீர் நிறையக் கலந்த மெல்லிய நிறப்பூச்சு, போட்டதும் தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளக்கும். அந்த நேரத்தில் அடுத்த நிறத்தைத் தொட்டு வைத்தால் தானாகப் பரவும், மேகம், மூடுபனி எல்லாம் அப்படித்தான் வரும். கொஞ்ச நேரத்தில் பளபளப்பு மங்கி முட்டை ஓடு போல ஆகும். கை வைக்கவே கூடாத நேரம் அதுதான். ஈர பிரஷ் பட்டால், அந்தத் தண்ணீர் பாதி காய்ந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரம் கட்டிவிடும். காலிஃபிளவர் போலத் திட்டு விழும். அதைச் சரிசெய்யத் தேய்க்கிறோம் பாருங்கள், அங்கேதான் சேறு பிறக்கிறது. புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருங்கள்.

திருவல்லிக்கேணியில் என் வீட்டு மொட்டை மாடியில், சித்திரை வெயிலில், வானத்தின் ஒரு ஓரம் முடிவதற்குள் மறு ஓரம் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் அரை மணி ஆனாலும் சில்லிப்பு போகாது. அதனால் மழைக்காலத்தில் மூன்று படங்களை வரிசையாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வேலை செய்கிறேன். இன்னொன்று, எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். படத்துக்கு மட்டும் கேன் தண்ணீர்தான். இரண்டு டம்ளர் வையுங்கள், ஒன்று பிரஷ் கழுவ, மற்றது நிறம் குழைக்க.

பதிப்பகம் ஒன்று அட்டைப்படம் கேட்டிருக்கிறது. இதுதான் என் முதல் வேலை. எவ்வளவு கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. – கல்லூரி மாணவர், வேலூர்

வாழ்த்துகள் தம்பி. தொகையைப் பேசுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டியது இருக்கிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் சிறுவர் புத்தகம் ஒன்றுக்கு அட்டை வரைந்தேன். மயிலாப்பூர் தெப்பக்குளம், படிக்கட்டில் இரண்டு சிறுமிகள், தண்ணீரில் கோபுரத்தின் நிழல். அந்த நிழல் சரியாக வர வேண்டுமென்று நாலு விடியற்காலை குளக்கரையில் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் பதினோரு நாள் வேலை. ஒரு அட்டைக்கான பணம் வந்தது, சந்தோஷப்பட்டேன். இரண்டு வருஷம் கழித்து மார்கழி மாதம், மளிகைக் கடைச் சுவரில் காலண்டராகத் தொங்கினார்கள் அதே சிறுமிகள். கீழே என் பெயர் இல்லை. போய்க் கேட்டதற்கு, “அதான் காசு கொடுத்தாச்சே” என்றார்கள். காட்டுவதற்கு என் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

அப்புறம்தான் 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். வரைந்தவருக்குத்தான் எப்போதும் உரிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்தால் கைவிட்டுப் போய்விடுகிறது, எழுதிக்கொண்டால் நம்மிடமே இருக்கிறது.

ஆகவே பென்சில் எடுக்கும் முன் ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். படம் இந்த நூலின் அட்டைக்கு மட்டும், காப்புரிமை ஓவியருக்கு, மூலப் படம் திரும்பி வர வேண்டும், திருத்தம் இரண்டு முறை, இவ்வளவு இருந்தால் போதும். உரிமையை விற்கவே முடிவு செய்தாலும் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். விற்ற பிறகும் ‘இதை வரைந்தது நான்’ என்று சொல்லும் உரிமை உங்களோடு இருக்கும். காப்புரிமை ஓவியரின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். அது உங்கள் பிள்ளைகளின் சொத்து.

தொகையை நாள் கணக்கில் போடுங்கள். கதையைப் படிக்கும் நாள், இடத்துக்குப் போய்ப் பார்க்கும் நாள், காயக் காத்திருக்கும் நாள், எல்லாம் வேலை நாள்தான். பென்சில் ஓவியம் ஒப்புதல் ஆனதும் பாதிப் பணம் வாங்கிவிடுகிறேன்.

பொது இடத்தில் உட்கார்ந்து வரையக் கூச்சமாக இருக்கிறது. செல்போன் படம் பார்த்து வரைந்தால் போதாதா? – வாசகர், ஈரோடு

பயிற்சிக்குப் போதும். ஆனால் போட்டோ நிழலைக் கறுப்பாக்கிவிடுகிறது. காசிமேட்டில் காலையில் படகின் அடிநிழலைப் பாருங்கள், ஊதா தெரியும், பக்கத்தில் கிடக்கும் வலையின் சிவப்பும் அதில் ஏறியிருக்கும். வஞ்சிரத்தின் முதுகை நான் அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து போடுவேன். வயிற்றுப் பக்கம் வெறும் தாள். அந்த வெள்ளி மினுமினுப்பு தாளின் வெள்ளைதான். இது எனக்கு நேரில் பார்த்துத்தான் புரிந்தது. ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தவர், அந்தக் கோடுகளைப் பாருங்கள். கூச்சத்துக்கு ஒரு வழி: சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள், பின்னாலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

என் எட்டு வயது மகளுக்கு என்ன வாங்கித் தரலாம்? – வாசகி, தாம்பரம்

சாதாரணக் கேக் வண்ணப் பெட்டி ஒன்று, பெரிய உருண்டை பிரஷ் ஒன்று. மிச்சப் பணத்தைத் தாளில் போடுங்கள். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்த தாள் என்றால் அவ்வளவாகச் சுருங்காது. பெட்டியிலிருந்து வெள்ளையையும் கறுப்பையும் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிடுங்கள், தாளின் வெள்ளையை விட்டுவைக்கக் கற்றுக்கொள்வாள். சாப்பாட்டு மேசையை உடனே காலி செய்யச் சொல்லாதீர்கள். பாதிப் படம் காய்ந்துகொண்டிருக்கும்.