வாசகர் கேள்வி – பதில்: புதரடியில் ஆறுமணிக்குருவி

கேள்வி: ஐப்பசி பிறந்தால் எங்கள் தோட்டத்துப் புதருக்குள்ளிருந்து விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்கிறது. ஆறுமணிக்குருவி என்கிறார்கள். குரல் கேட்டும் பறவை கண்ணில் படாதது ஏன்? கோடையில் அது எங்கே போகிறது?
– வாசகி ஒருவர், வேதாரண்யம்

பதில்: கூவும்போதும் இரவில் அடையும்போதும் மரக்கிளையில் இருக்கும் இப்பறவை, பகலின் பெரும்பகுதியைப் புதர் நிழலில், தரையிலேயே கழிக்கிறது. பச்சை முதுகு, வெளிர்மஞ்சள் வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, இறக்கையில் பளிச்சிடும் நீலம், கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை என இத்தனை நிறங்கள் இருந்தும், முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றுவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் எளிதில் புலப்படாது. பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால், தத்தித் தத்திச் சிறிது தூரம் போய் நிற்பதையும், தடித்த அலகால் சருகைப் புரட்டித் தள்ளி அடியில் நெளியும் புழுவைக் கொத்துவதையும், குட்டை வாலை மேலும் கீழுமாக மெல்ல ஆட்டுவதையும் காணலாம். அதற்கு வேண்டியது ஈரமண்ணும் மட்கிய சருகும்தான். அன்றாடம் தோட்டத்தைப் பெருக்கிச் சருகைக் கொளுத்துவதைத் துப்புரவு என்று நினைப்பவர்கள் வீட்டில் அதற்கு இரை கிடைக்காது. உங்கள் ஊரை அடுத்த கோடியக்கரைக் காடும், சென்னையின் கிண்டிக் காடும் அதன் பனிக்காலத் தங்குமிடங்களுள் அடங்கும்.

சித்திரை வாக்கில் இங்கிருந்து புறப்படும் இக்குருவிகள், இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டிக் கூடு கட்டுகின்றன. காய்ந்த இலை, புல், வேர் ஆகியவற்றால் பந்துபோல் முடைந்து, பக்கவாட்டில் வாசல் வைத்த அக்கூடு தரையிலோ தாழ்ந்த கிளையிலோ இருக்கும். பெரும்பாலும் நான்கைந்து முட்டைகள். வெள்ளை ஓட்டில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் காணப்படும். அங்கே மழை ஓய்ந்த பின், வடகிழக்குப் பருவமழை நம் கரையை நனைக்கும் வேளையில் அவை தெற்கே வந்து சேர்கின்றன, இலங்கைக்கும் செல்கின்றன. பூச்சி, புழுவை நம்பி வாழும் பறவைக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமானது.

கேள்வி: சென்ற ஆண்டு இக்குருவி ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் வந்து விழுந்தது. வளர்க்கலாமா?
– வாசகர் ஒருவர், கடலூர்

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. இரவில் வலசை வரும் இவை, களைத்துப்போயோ கண்ணாடிச் சன்னலில் மோதியோ வீடுகளுக்குள் விழுவது அவ்வளவு அரிதன்று. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், பூனைக்கு எட்டாத இருட்டறையில் சில மணி நேரம் விட்டுவைத்தால் பல பறவைகள் தாமாகவே தெளிந்துவிடும். இரக்கப்பட்டு வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறி இறக்கக்கூடும். தெளிந்ததும் புதர் அடர்ந்த இடத்தில் விடுங்கள். இறக்கை தொங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ தாமதிக்காமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.