'நாளைக்கு வந்துரும்'னு சொல்ற கடைக்கு எத்தனை தடவதான் நடக்கறது?

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல், கடைக்குப் போனா சாமான் இல்ல. நான் 11 வருஷம் மளிகைக்கடை கல்லாவுல உக்காந்தவ, அதனால கடைக்காரங்க கஷ்டமும் தெரியும், இப்ப பையத் தூக்கிட்டு அலையறவங்க கோவமும் தெரியும். எல்லாத்தையும் சேத்தே பதில் சொல்லிடறேன்.

அக்கா, எங்கம்மாவுக்கு 71 வயசு, தைராய்டு மாத்திரை 88 மைக்ரோகிராம் தினமும் போடணும். தெருமுனை மெடிக்கல்ல மாசாமாசம் இதே கததான், "நாளைக்கு வந்துரும்மா"ன்னு சொல்றாங்க, மறுநாள் போனா "வண்டி வரல", அதுக்கு அடுத்த நாள் போனா "75 இருக்கு, அதத் தரட்டுமா"ங்கறாங்க. வேலைக்குப் போயிட்டு வந்து மூணு மூணு தடவ நடக்கறேன். ஏன் இப்படிப் பண்றாங்க?
– வாசகி, கும்பகோணம்

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், 88க்கு பதிலா 75 குடுத்தா வாங்கிராதம்மா. இந்த மாத்திரைல அளவு கொஞ்சம் மாறினாலும் ரத்தத்துல தெரியும், அதனாலதான் டோஸ் மாத்தினா ஆறு எட்டு வாரம் கழிச்சு தைராய்டு சரியா இருக்கான்னு பாக்கற டிஎஸ்எச் ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. அத மாத்த வேண்டியது டாக்டர், கடைக்காரர் இல்ல.

ஏன் கிடைக்கலன்னா, இது 25, 50, 75, 88, 100, 112, 125ன்னு ஏகப்பட்ட அளவுல வருது, ஒவ்வொரு அளவுலயும் வேற வேற கம்பெனி வேற. 50ம் 100ம் நல்லா ஓடற சரக்கு. 88 கேட்டு அந்தத் தெருவுல ரெண்டு பேர் வந்தாலே பெரிசு. வாங்கி வச்சு எக்ஸ்பயரி ஆயிட்டா காசு முடங்கிடும்னு அவர் வாங்கறதே இல்ல, இது வரைக்கும் எனக்குப் புரியுது. ஆனா அந்த "நாளைக்கு வந்துரும்" இருக்கு பாரு, அத என்னால மன்னிக்கவே முடியல. பல நேரம் ஆர்டரே போட்டிருக்க மாட்டாங்க. வந்த ஆள் வேற கடைக்குப் போயிடக் கூடாதுன்னு வாயில வர்ற வார்த்தை அது. நானும் சொல்லியிருக்கேன். கருப்பட்டி கேட்டு ஒரு பாட்டி சித்திர வெயில்ல மூணாவது தடவையா வந்து என் கடை வாசல்ல நின்னாங்க, ஒரு வார்த்த திட்டல, "இன்னைக்காவது வந்துச்சா தாயி"ன்னு மட்டும் கேட்டாங்க. அன்னையோட அந்தப் பொய்ய விட்டேன். இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டா அவங்க நேரா சந்தைக்குப் போயிருப்பாங்கல்ல?

நீ செய்ய வேண்டியது, மாத்திரை தீர பத்து நாள் இருக்கும்போதே டாக்டர் சீட்டோட ஜெராக்ஸும் போன் நம்பரும் குடுத்து "மாசாமாசம் 5ம் தேதி எனக்கு இந்த மாத்திரை கண்டிப்பா வேணும்"னு சொல்லிடு, முடிஞ்சா முன்பணமும் குடுத்துடு. வாங்க ஆள் இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்சா அந்தச் சரக்க எடுத்து வைக்க கடைக்காரருக்கு பயம் இருக்காது, மொத்தமா சப்ளை பண்ற ஸ்டாக்கிஸ்ட்டுக்கு போன்ல சொன்னா பெரும்பாலும் மறுநாளே வந்துடும். ரெண்டு மாசம் பாரு, அப்பவும் இழுத்தா கடைய மாத்திடு. இன்னொண்ணு, மருந்த உள்ள வச்சுக்கிட்டே ஒருத்தருக்குத் தர மாட்டேன்னு சொல்ல கடைக்கு உரிமை கிடையாது, 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைலயே அது இருக்கு. ஆனா கடைல இல்லாதத வாங்கி வச்சே ஆகணும்னு அத வச்சு கேக்க முடியாது.

சூப்பர் மார்க்கெட்ல நான் வாங்கற கேழ்வரகு சேமியா ஒரு மாசமா ரேக்ல இல்ல. கேட்டா கம்ப்யூட்டரத் தட்டிப் பாத்துட்டு "நாலு பாக்கெட் இருக்கே மேடம்"ங்கறாங்க. எங்கங்க இருக்கு?
– வாசகி, தாம்பரம்

எங்கயும் இருக்காதுங்க, கணக்குல மட்டும்தான் இருக்கு. ஒருத்தர் சாதா சேமியா ரெண்டும் கேழ்வரகு சேமியா ரெண்டும் எடுத்துட்டு வர்றார்னு வைங்க, விலை ஒண்ணுதானேன்னு பில் போடற பொண்ணு சாதா பாக்கெட்டையே நாலு தடவ ஸ்கேன் பண்ணிடுவா, அப்ப சாதா கணக்குல கூடுதலா குறையும், கேழ்வரகு குறையவே குறையாது. இது போக கிழிஞ்சது, எலி கடிச்சது, திருடு போனது. இப்ப கொடுமை என்னன்னா நாலு இருக்குன்னு கம்ப்யூட்டர் நம்பற வரைக்கும் புது ஆர்டர் போகாது, வாரக்கணக்குல ரேக் காலியாவே கிடக்கும். அதனால அடுத்த தடவ பில் கவுன்டர்ல கேக்காதீங்க, அந்த செக்ஷன பாக்கறவர கூப்பிட்டு "குடோன்லயும் பாத்து எண்ணி, இல்லன்னா கணக்குல ஜீரோ போடுங்க"ன்னு சொல்லுங்க. அதச் செஞ்சாதான் சரக்கு வரும்.

எனக்கு 11ம் நம்பர் செருப்பு எந்தக் கடைலயும் கிடைக்கறதில்ல. டிசைன் காட்டுவாங்க, சைஸ் இல்லம்பாங்க.
– வாசகர், காரைக்குடி

பல சைஸும் கலந்த பெட்டியாத்தான் கடைக்கு வரும் தம்பி, அதுல 8, 9தான் நிறைய இருக்கும், 11 இருந்தா ஒரு ஜோடி. பெட்டி பிரிச்சதுமே அது போயிடும். புதுச்சரக்கு எப்ப வரும்னு கேட்டு நம்பர் குடுத்துட்டு வா.

ஆடித் தள்ளுபடில குக்கர் பாதி விலைன்னு நோட்டீஸ் பாத்துட்டு மதுரைல ஒரு கடைக்கு தொறக்கற நேரத்துக்கே போனேன், "தீந்து போச்சு, இதப் பாருங்க"ன்னு வெல கூடினத காட்றாங்க. இத கேக்க ஆளே இல்லையா?
– வாசகி, திருமங்கலம்

இருக்கு. 2022ல மத்திய அரசு தவறான விளம்பரங்களுக்கு எதிரா கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள்ல இது தனியாவே இருக்கு, ஒரு விலைய சொல்லி ஆள இழுத்தா அதுக்கு வர்ற கூட்டத்த எதிர்பாத்து போதுமான சரக்கு வச்சிருக்கணும், கம்மியாத்தான் இருக்குன்னா அத விளம்பரத்துலயே தெளிவா சொல்லணும். அந்த நோட்டீஸ பத்திரமா வைங்க, 1915க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். ஒரு குக்கருக்கு எதுக்கு இவ்வளவுன்னு நினைக்காதீங்க, அன்னைக்கு உங்கள மாதிரி எத்தன பேர் பஸ் காசு செலவு பண்ணிட்டு வந்தாங்களோ.

ரேஷன் கடைல துவரம்பருப்பும் பாமாயிலும் "இன்னும் வரல, 20ம் தேதிக்கு மேல வாங்க"ங்கறாங்க, மாசக் கடைசில போனா தீந்துருச்சாம்.
– வாசகர், விழுப்புரம்

கிலோ 30 ரூபாய்க்கு பருப்பும் 25 ரூபாய்க்கு பாமாயிலும் வெளில எங்க கிடைக்கும், இது போச்சுன்னா அந்த மாசம் சாம்பாருக்கே கைய கடிக்கற வீடு எத்தனையோ இருக்கு. சரக்கே வராமப் போறதும் உண்டுதான், 2024 மே மாசம் அப்படி ஆனப்ப அந்த மாசத்து பங்க ஜூன்ல வாங்கிக்கலாம்னு அரசே அறிவிச்சது. அதனால "போன மாச பாக்கி உண்டா"ன்னு கேக்காம திரும்பாதீங்க. உங்க போனுக்கு வர்ற மெசேஜையும் பாருங்க, வாங்காத பருப்ப வாங்கினதா போட்டிருந்தா அது ஸ்டாக் இல்லாத விஷயமே இல்ல, அன்னைக்கே ரேஷன் புகார் எண் 1967க்கு அடிச்சு கார்டு நம்பர சொல்லி புகார் குடுத்துடுங்க.