சுக்குமல்லிப் பொடியைப் பரிசாகக் கொடுத்தால் மலிவாக நினைப்பார்களா?

கார்த்திகையில் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுகிறீர்கள், வருகிற 150 பேருக்கும் வீட்டில் அரைத்த சுக்குமல்லிக் காப்பிப் பொடியைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுக்க ஆசை. அளவு என்ன, எத்தனை நாள் தாங்கும், மலிவாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நினைப்பார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் டப்பாவில் பெயர் வெட்டிக் கொடுத்தாலும் "தகடு மெல்லிசா இருக்கே" என்று தட்டிப் பார்க்கிறவர்கள்தான் நம் சொந்தக்காரர்கள். அவர்களுக்காக நீங்கள் பொடியைக் கைவிட வேண்டாம். ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் "இதெல்லாம் யாரு மதிப்பா" என்று ஏற்கெனவே ஆரம்பித்திருப்பார்கள், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும்.

நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மதுரையில் இருக்கிறேன். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம், கரிசல் காடு. புரட்டாசி, ஐப்பசியில் மழையைப் பார்த்து மல்லி விதைப்போம். தை, மாசியில் செடியோடு பிடுங்கிக் களத்தில் காயப்போட்டுக் கம்பால் அடிப்போம். எனவே மல்லி விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேத்தியின் காதணி விழாவுக்கு நான்தான் இந்தப் பொடியைச் செய்தேன். "நான்தான்" என்பதைக் கவனியுங்கள். சாமான் வாங்கியது, சுக்கு சுரண்டியது, மில்லில் காத்துக் கிடந்தது, சலித்தது, பாட்டிலில் அடைத்தது எல்லாம் நான். என் மனைவி ஓரமாக உட்கார்ந்து "மல்லி தீயுது பாருங்க" என்று இரண்டு தரம் சொன்னாள். அவ்வளவுதான் அவள் பங்கு.

சுக்கில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஏமாறுவது அங்கேதான். வெள்ளை வெளேரென்று மாவு பூசினாற்போல இருக்கிற சுக்கு பார்வைக்கு அழகு. அது சுண்ணாம்பில் நனைத்து உலர்த்தியது. நான் கீழமாசி வீதியில் வாங்கும்போது மண் நிறத்தில், சுருக்கம் விழுந்து, அழகே இல்லாமல் கிடப்பதைத்தான் கேட்டு வாங்குவேன். எதை வாங்கினாலும் "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பதை மறக்காமல் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டாக உடைத்துப் பார்க்க வேண்டும். ஆமாம், ஒவ்வொன்றாக. சுக்கில் வண்டு விழுவது சகஜம். வெளியே குண்டூசி முனை அளவு ஓட்டை ஒன்றுதான் தெரியும். உடைத்தால் உள்ளே முழுக்க மஞ்சள் மாவாக உதிரும், சில சமயம் செய்தவரும் உள்ளேயே இருப்பார். அந்தத் துண்டு குப்பைக்கு. இதைச் செய்யாமல் மூட்டையோடு மில்லில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கடைப் பொடியின் மேல் எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது அதனால்தான். (எல்லாக் கடையையும் சொல்லவில்லை.)

இஞ்சி வாங்கி நாமே சுக்கு காயப்போடலாமே என்று தோன்றும். வேண்டாம். 5 கிலோ இஞ்சி காய்ந்தால் ஏறக்குறைய 1 கிலோதான் மிஞ்சும், உங்களுக்கு மழைக்காலம் வேறு.

அளவு: மல்லி 500 கிராம், சுக்கு 250, மிளகு 50, சீரகம் 50, ஏலக்காய் 15. எங்கள் வீட்டுக் கணக்கு இது. திப்பிலி இல்லாமல் சுக்குக்காப்பியா என்று சண்டைக்கு வருவீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தால் திரிகடுகம் என்பது எனக்கும் தெரியும். உங்கள் வீட்டுக்குச் செய்தால் 20 கிராம் திப்பிலி போடுங்கள், நானும் போடுவேன். 150 வீட்டுக்குப் போகிற பொடியில் குழந்தைகளும் குடிப்பார்கள், வயிற்றுப் புண்காரர்களும் குடிப்பார்கள். காரத்தைக் கொஞ்சம் அடக்கி வைப்பதுதான் மரியாதை. அதே காரணத்துக்காக அதிமதுரம் கூடவே கூடாது. இனிப்பாக இருக்கிறதே என்று சிலர் கைநிறையப் போடுகிறார்கள். தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய சரக்கு அது. வருகிறவர்களில் யார் யார் பிரஷர் மாத்திரை போடுகிறார்கள் என்று நமக்கென்ன தெரியும்?

ஆளுக்கு 50 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு ஏழரைக் கிலோ பொடி வேண்டும். மில்லில் கொஞ்சம் ஒட்டும், சலித்தால் கப்பி கழியும். ஆக மேலே சொன்ன அளவைப் பத்தால் பெருக்குங்கள்: மல்லி 5 கிலோ, சுக்கு இரண்டரைக் கிலோ, மிளகும் சீரகமும் தலா அரைக் கிலோ, ஏலக்காய் 150 கிராம். 50 கிராம் பொடி இருபது டம்ளருக்குக் குறையாமல் வரும்.

மல்லியை வறுக்கிறேன் பேர்வழி என்று சிவக்க விட்டுவிடாதீர்கள். மல்லி சிவந்தால் சாம்பார் வாசனை வந்துவிடும், பிறகு எந்த ஏலக்காயாலும் அதை மறைக்க முடியாது. நல்ல வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் வறுக்கவே தேவையில்லை.

வெயில் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடிக்குப் பூட்டு. எதையும் காயப்போடக் கூடாது, கட்டடத்தின் தோற்றம் கெடுகிறதாம். மாடி எங்கள் எல்லோருக்கும் பொதுதான், பராமரிப்புக் காசும் மாதாமாதம் கட்டுகிறோம். ஒரு தாம்பாளம் மல்லியை எடுத்துக்கொண்டு போய்ச் சாவி கேட்டால், "சார், உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்கிறார்கள். எல்லோரும் கேட்டால் என்ன? எல்லோருக்கும்தானே மாடி? அதே மாடியில் பிறந்தநாளுக்குப் பலூன் கட்டி, பாட்டுப் போட்டு, நடு ராத்திரி கேக் வெட்டினால் தோற்றம் கெடுவதில்லை. வடகம் போட்டால் கெட்டுவிடுகிறது. கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "மினிட்ஸில் சேர்க்கிறோம்" என்றார்கள். இன்றுவரை அது மினிட்ஸில்தான் இருக்கிறது. கடைசியில் நாகமலையில் நண்பர் வீட்டு மாடியில் காயப்போட்டு, காக்காய்க்கும் அணிலுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தேன். புதுவீடு கட்டியிருக்கிறீர்கள், உங்களுக்கு மாடி சொந்தமாக இருக்கும். கொடுத்து வைத்தவர்.

ஆனால் கார்த்திகையில் வெயிலை நம்ப முடியாது. புரட்டாசியிலேயே எல்லாவற்றையும் காயவைத்து, முழுசாகவே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, சூடேறியதும் தணலைக் குறைத்து ஒவ்வொன்றாகக் கை பொறுக்கும் சூட்டுக்குப் புரட்டி, பிறகு அரையுங்கள். முன்கூட்டியே அரைத்து வைத்தால் மணம் பாட்டிலுக்குள் போகாது, உங்கள் சமையலறைக்குப் போய்விடும்.

சுக்கை மிக்ஸியில் அப்படியே போடாதீர்கள். இரும்பு உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடித்துக்கொண்டு மில்லுக்குக் கொண்டுபோங்கள். மில்லில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "இதுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?" மிளகாய் வத்தல் அரைத்த மிஷினில் சுக்குமல்லி விழுந்தால் தீர்ந்தது கதை. நான் காலையில் கடை திறக்கும்போதே போய் முதல் ஆளாக நின்றேன். அப்போதும் முதல் கை மல்லியைத் தனியாக ஓட்டி அதைக் கீழே கொட்டச் சொன்னேன். மில்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். ஏலக்காயை மில்லுக்கே கொண்டுபோகக் கூடாது, அந்தச் சூட்டில் வாசம் பறந்துவிடும். வீட்டு மிக்ஸியில் தோலோடு அரைத்துக் கடைசியில் கலக்க வேண்டும். மில்லில் இருந்து வந்த பொடியைத் துணியில் பரப்பி நன்றாக ஆறவிட்டு அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடிக்கு உள்பக்கம் வேர்த்து, அந்தத் தண்ணீர் பொடியிலேயே விழுந்து கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும்.

இப்படியெல்லாம் செய்து, கண்ணாடி பாட்டிலில் அடைத்து, வாய்க்குத் துணி கட்டி, மண்டப வாசலில் மேஜை போட்டு அடுக்கி வைத்தால் என்ன நடந்தது தெரியுமா? மச்சான் ஒருவர், மொய் எழுதிவிட்டு வந்த கையோடு, "என்ன மாப்ள, மொய்க்கு மசாலாப் பொடியா?" என்றார். சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அதைக்கூட விடுங்கள். ருசி பார்க்கட்டும் என்று பந்தி முடிந்ததும் அதே பொடியில் காப்பி போட்டுக் கொடுத்தோம். குடித்த அத்தனை பேரும் நேராக என் மனைவியிடம் போய், "மதினி, உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்கிறார்கள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், நகக்கண்ணில் சுக்கு மாவோடு. அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறாள். "இவுகதான் செஞ்சாக" என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.

பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததற்கு யார் பேர் சொன்னார்கள், நீ ஒரு தரம் அரைத்துவிட்டு இப்படிப் புலம்புகிறாயே என்று எழுதுவீர்கள். நியாயம்தான். என் அம்மா அரைத்ததற்கு நானும் ஒரு நாள் நன்றி சொன்னதில்லை. ஆனாலும் அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இன்னொரு கூத்து. ஒரு வாரம் கழித்து அருப்புக்கோட்டையில் இருந்து மனைவியின் சித்தி போன் பண்ணினார். "ரசப்பொடி நல்லாத்தான் இருக்கு மாப்ளே, ஆனா ஏன் பாயச வாசம் அடிக்குது?" பாட்டிலில் சீட்டு ஒட்டித்தான் இருந்தது. "சுக்குமல்லிக் காப்பிப் பொடி" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தேன். கண்ணாடி போடாமல் பார்த்தால் நான் என்ன செய்வது? பேத்தியின் பெயரைத்தான் அதைவிடப் பெரிதாகப் போட்டிருந்தோம் என்று மனைவி சொல்கிறாள், அது வேறு விஷயம். நீங்கள் மூடியின் மேலும் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது, என்றைக்கு அரைத்தது, எப்படிப் போடுவது, இந்த மூன்றும் போதும். சளி போகும், சர்க்கரை குறையும், மூட்டுவலி தீரும் என்றெல்லாம் அச்சடிக்காதீர்கள். "சுக்குக்கு மிஞ்சிய மருந்துமில்லை" என்று பழமொழி இருக்கிறதுதான். அதற்காக நாம் மருந்து கொடுக்கவில்லை, காப்பி கொடுக்கிறோம்.

போடும் முறை சுருக்கமாக: ஒன்றேகால் டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பொடி, ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதி, இறக்கி இரண்டு நிமிடம் மண்டி அடியில் தங்க விடுவது, தெளிந்ததை ஊற்றிக்கொள்வது. கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும், நல்ல கருப்பட்டியிலும் மண் இருக்கும். பால் வேண்டுமென்றால் அடுப்பை அணைத்த பிறகுதான். கருப்பட்டியோடு பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோக வாய்ப்பு அதிகம்.

கருப்பட்டியையும் இடித்துப் பொடியிலேயே கலந்துவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கலக்காதீர்கள். கார்த்திகை ஈரத்துக்குக் கருப்பட்டி கசியும், பாட்டிலுக்குள் எல்லாம் ஒரே கட்டியாகிக் கரண்டி இறங்காது. கொடுத்தே தீரவேண்டும் என்றால் ஓலைக் கொட்டானில் சின்னச் சில்லாகத் தனியே வையுங்கள். உடன்குடிச் சரக்கு கிடைத்தால் நல்லது. பதனீர் இறங்குகிற காலம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடிக்குள் முடிந்துவிடும், ஆகவே கார்த்திகையில் கடையில் கிடைப்பது இருப்புச் சரக்காகத்தான் இருக்கும், அதில் குற்றமில்லை. சீனிப்பாகு கலந்த கருப்பட்டி ஏராளமாக நடமாடுகிறது. விலை ரொம்பக் குறைவாகச் சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

எத்தனை நாள் தாங்கும்? ஈரக்கரண்டி படாமல் இருந்தால் ஆறு மாதம் கெடாது. ஆனால் மணம் மூன்று மாதம்தான். உங்கள் பொடி பொங்கல் தாண்டி மாசி வரை நன்றாக இருக்கும், அதற்குமேல் வைத்திருப்பவர்கள் குடிக்கிற ஆட்கள் இல்லை.

150 பாட்டிலையும் ஒரே நாளில் அடைக்க முடியாது. இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு மாலை ஆகும். புனல் வாயில் பொடி அடைத்துக்கொள்ளும், தாளைச் சுருட்டிக் கூம்பாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், மிளகு சும்மா விடாது. அப்புறம், சீட்டில் யார் அரைத்தது என்று ஒரு வரி சேர்த்து அச்சடியுங்கள்.