வியன்னாவின் சீனத் தூதர்: கேள்வி பதில்

கே: யார் இந்த ஹோ ஃபெங்ஷான்?
ப: 1901இல் சீனாவின் ஹுனான் மாகாணத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். நார்வே மிஷனரிகள் கைகொடுத்தார்கள். 1932இல் மியூனிக்கில் முனைவர் பட்டம். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிய பிறகு வியன்னாவில் சீனாவின் கன்சல் ஜெனரல். கேட்டு வந்த யூதர்களுக்கெல்லாம் ஷாங்காய் விசா எழுதிக் கொடுத்தார்.

கே: எத்தனை பேரைக் காப்பாற்றினார்?
ப: ஆயிரக்கணக்கில். முழுப் பட்டியல் எதுவும் மிஞ்சவில்லை. துல்லியமாக ஓர் எண் சொல்பவரை நம்பாதீர்கள்.

கே: ஷாங்காயில் இறங்க விசாவே தேவையில்லையாமே?
ப: உண்மைதான். 1937க்குப் பிறகு அந்தத் துறைமுகத்தில் பாஸ்போர்ட்டைக் கேட்க ஆள் இல்லை. ஆனால் சிக்கல் இறங்குவதில் இல்லை, கிளம்புவதில். போக ஓர் இடம் உண்டு என்று காகிதத்தில் காட்டினால்தான் நாஜிகள் வெளியே விட்டார்கள். 1938 நவம்பரில் நாஜிகள் பிடித்துக்கொண்டு போன யூதர்கள் டாக்காவ் வதைமுகாமிலிருந்து வெளியே வரவும் அதே காகிதம் உதவியது. ஷாங்காய் விசாவைக் காட்டி வேறு நாட்டுக்குப் போனவர்களும் உண்டு.

கே: (அதே நண்பர்) சும்மா ஒரு முத்திரைதானே? அதற்கு ஏன் இவ்வளவு புகழ்?
ப: சும்மாவா? 1938 ஜூலையில் யூத அகதிகளை யார் ஏற்பது என்று பிரான்சின் எவியானில் 32 நாடுகள் கூடிப் பேசின. பெரும்பாலானவை கையை விரித்தன. பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஐம்பது தூதரகம் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் இவரிடம் குடும்பத்துக்கு 20 விசா வாங்கினான். பெர்லினில் இருந்த மேலதிகாரி சென் ஜீ, ஜெர்மனியின் மனம் கோணக்கூடாது என்று நிறுத்தச் சொன்னார். இவர் நிறுத்தவில்லை. கட்டடம் யூதருடையது என்று நாஜிகள் பறித்தபோது, சொந்தக் காசில் சின்ன அலுவலகம் பிடித்தார். 1939இல் சீன அரசு அவர் பணிப்பதிவில் கறுப்புப் புள்ளி வைத்தது. முத்திரை குத்த மை மட்டும் போதாது நண்பரே.

கே: மொத்தம் எத்தனை விசா?
ப: அதற்கும் மேலே சொன்ன பதில்தான்.

கே: யூதர்களுக்கு விசா கொடுத்த ஜப்பான் தூதர் சுகிஹாராவும் இவரும் ஒருவரா?
ப: இல்லை. அவர் லிதுவேனியா, 1940.

கே: சீனாவுக்கு டூரிஸ்ட் விசா எப்படி வாங்குவது?
ப: டிராவல் ஏஜெண்டைக் கேளுங்கள்.

கே: 40,000 பேர் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
ப: சரி, இனி எண்ணிக்கைக் கேள்விக்குப் பதில் கிடையாது.

கே: கடைசிக் காலம்?
ப: 1949க்குப் பிறகு தைவான் அரசின் பக்கம், எகிப்து, மெக்சிகோ, பொலிவியா, கொலம்பியாவில் தூதர். 1973இல் ஓய்வு. சிறு தொகைக்குக் கணக்கு இல்லை என்று பென்ஷனை மறுத்தார்கள். 1997இல் சான் பிரான்சிஸ்கோவில் 96 வயதில் இறந்தார். இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம் தரும் கௌரவம் வந்தது 2000இல். 1990இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் இந்த விசா விஷயத்துக்கு அவர் ஒதுக்கியது சில வரிகள்தான்.