ஓப்பன்டோஃபுவின் ஸ்டேட் கோப்பை நம் சர்வரிலேயே வைக்க ஏபிஐ எழுதினால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கிளவுட் சேமிப்பகம் வேண்டாம், சொந்த சர்வர் இருக்கிறது, குழுவில் பலரும் அப்ளை ஓட்டுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓப்பன்டோஃபு என்பது சர்வர், டேட்டாபேஸ் போன்ற வளங்களைக் கோடு எழுதி உருவாக்கும் கருவி. எதையெல்லாம் உருவாக்கியது என்று அது குறித்துவைப்பது ஸ்டேட் கோப்பு, மாற்றங்களைச் செய்யும் கட்டளை அப்ளை. இதற்கு எச்டிடிபி பேக்எண்ட் (ஸ்டேட்டை ஓர் எச்டிடிபி முகவரியில் படித்து எழுதும் அமைப்பு) போதும். டெராஃபார்மிலிருந்து 2023-ல் ஓப்பன்டோஃபு பிரிந்தபோது இதுவும் கூடவே வந்ததால், இரண்டுக்கும் ஒரே சர்வர் வேலை செய்யும்.

ஸ்டேட்டைப் படிப்பதும் எழுதுவதும் ஒரு மாலை வேலைதான். கெட் கோரிக்கை வந்தால் சேமித்த கோப்பை 200-உடன் கொடுங்கள். இன்னும் ஸ்டேட்டே இல்லையென்றால் 404 அல்லது 204. இங்கே 200 போட்டு வெற்று ஜேசான் அனுப்பினால் அதை ஸ்டேட் என்று எடுத்துப் படிக்கப் போய் கிளையண்ட் பிழை காட்டும். எழுதுவதற்கு போஸ்ட் வரும். அதனுடன் வரும், உடலின் சரிபார்ப்புக் குறியான கன்டென்ட்-எம்டி5 ஹெடரைச் சரிபார்த்த பிறகே சேமியுங்கள். வந்த பைட்டுகளை அப்படியே வையுங்கள். ஜேசானைப் பிரித்து மறுபடி எழுத வேண்டாம். பழைய பதிப்புகளை அழிக்காமல் ஒவ்வொன்றையும் தனி வரிசையாகப் போட்டு வைத்தால், யாராவது ஸ்டேட்டைக் கெடுத்துவிட்டாலும் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம்.

கவனமெல்லாம் பூட்டில்தான் வேண்டும். பூட்டவும் திறக்கவும் கிளையண்ட் அழைக்கும் முகவரிகளான லாக் அட்ரஸ், அன்லாக் அட்ரஸ் இரண்டும் கட்டாயமில்லை. கொடுக்காவிட்டால் கிளையண்ட் பூட்டாமலே ஓடும், இருவர் ஒரே நேரத்தில் அப்ளை செய்து ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார். ஆகவே கொடுத்தே ஆக வேண்டும். இயல்பாக லாக், அன்லாக் என்ற மெத்தட்களே வரும். இவை வெப்டாவ் (கோப்புகளை வலைவழி திருத்தும் நெறிமுறை) காலத்தவை, நடுவிலுள்ள ப்ராக்ஸியோ ஃபயர்வாலோ தடுக்கக்கூடும். பூட்டப் போஸ்ட், திறக்க டெலீட் என்று பேக்எண்ட் அமைப்பிலேயே மாற்றிவிடுங்கள். கோடு சேமிப்புத் தளமான கிட்லாப் சொல்லும் அமைப்பும் இதுதான்.

பூட்டுக் கோரிக்கையின் உடலில் ஐடி, யார் பூட்டியது, எப்போது என்ற விவரங்கள் ஜேசானாக வரும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஸ்டேட் பெயரை முதன்மை விசையாக வைத்து, மோதினால் ஒன்றும் செய்யாதே என்ற ஒரே இன்சர்ட்டில் முடியுங்கள். முதலில் செலக்ட், பிறகு இன்சர்ட் என்று எழுதினால் அந்த இடைவெளியில் இரண்டாவது ஆள் நுழைந்துவிடுவார். ஏற்கெனவே பூட்டியிருந்தால் 423 அல்லது 409 அனுப்புங்கள். அதன் உடலில் பூட்டியவரின் விவர ஜேசானை முழுதாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யார் வைத்திருக்கிறார் என்று கிளையண்டால் காட்ட முடியாது.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. நெட்வொர்க் அறுந்தாலோ 5xx பிழை வந்தாலோ கிளையண்ட் இயல்பாக இரண்டு முறை மறுமுயற்சி செய்யும். முதல் கோரிக்கையில் பூட்டு விழுந்து பதில் மட்டும் தொலைந்துபோனால், அதே ஐடியுடன் மறுபடி வரும். அதற்கு 423 கொடுத்தால் அவர் தன் பூட்டிலேயே தான் மாட்டிக்கொள்வார். ஐடி ஒன்றேயென்றால் 200 கொடுங்கள்.

பூட்டியபின் ஸ்டேட்டை எழுத வரும் ஒவ்வொரு போஸ்ட்டிலும் முகவரியின் வினவல் பகுதியில் ஐடி இருக்கும். பூட்டின் ஐடியோடு அது பொருந்தாவிட்டால் மறுத்துவிடுங்கள். திறந்ததற்கு 200 மட்டுமே பதில். 204 அனுப்பினால் கிளையண்ட் பிழை என்றே எடுத்துக்கொள்ளும். ஃபோர்ஸ்-அன்லாக் (மாட்டிக்கொண்ட பூட்டைக் கட்டாயமாகத் திறப்பது) செய்யும்போது பல பதிப்புகளில் உடல் வெறுமையாக வரும், அதையும் கையாளுங்கள். அந்த உரிமையைச் சிலருக்கு மட்டும் கொடுப்பது நல்லது. பூட்டுக்குக் காலாவதி மட்டும் வைக்காதீர்கள்: பெரிய டேட்டாபேஸ் உருவாகும் அப்ளை நீண்ட நேரம் ஓடும், பாதியில் பூட்டு விலகிவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இருந்தால் கோரிக்கை உடலின் வரம்பு இயல்பாக 1 எம்பி. ஸ்டேட் அதைத் தாண்டும் நாளில் 413 (உடல் மிகப் பெரிது) வரும். அதற்குள் வளங்கள் உருவாகிவிட்டிருக்கும், ஸ்டேட் மட்டும் பதிவாகாது. கிளையண்ட் அதை எரர்டு.டிஎஃப்ஸ்டேட் என்ற கோப்பாக உள்ளூரில் விட்டுச்செல்லும், ஸ்டேட் புஷ் கட்டளையால் ஏற்றலாம். சிஐ ரன்னரில் (கட்டளைகளைத் தானாக ஓட்டும் தற்காலிக இயந்திரம்) ஓடியிருந்தால் ரன்னரோடு அந்தக் கோப்பும் போய்விடும். ஆகவே வரம்பை முதலிலேயே 50 எம்பி அளவுக்கு உயர்த்துங்கள்.

ஸ்டேட்டுக்குள் டேட்டாபேஸ் கடவுச்சொற்கள் வெளிப்படையாகவே கிடக்கும். டிஎல்எஸ் குறியாக்கம் இல்லாமல் சர்வரைத் திறக்காதீர்கள், கோரிக்கை உடலை சர்வரின் பதிவுக் கோப்பில் (log) எழுதாதீர்கள். பயனர்பெயர், கடவுச்சொல்லை பேக்எண்ட் அமைப்பில் எழுதினால் அவை .டெராஃபார்ம் கோப்புறையிலும், செய்யப்போகும் மாற்றங்களைச் சொல்லும் பிளான் கோப்பிலும் பதிந்துவிடும். டிஎஃப்_எச்டிடிபி_யூசர்நேம், டிஎஃப்_எச்டிடிபி_பாஸ்வேர்ட் என்ற சூழல் மாறிகளில் கொடுங்கள். ஓப்பன்டோஃபு 1.7 முதல் ஸ்டேட்டை கிளையண்டிலேயே குறியாக்கம் செய்யலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் அதை முதல் நாளே இயக்கிவிடலாம்.